ரோமிங்கில் இருக்கும் சந்தாதாரருக்கு பாலிசியும் கட்டணமும் அமைப்பது எப்படி

ரோமிங் பில் பற்றி ஒரு புகார் என் மேசைக்கு வந்தால் முதலில் இரண்டு லாக் கேட்பேன். அந்த நிமிஷத்தில் கஸ்டமர் எந்த நாட்டில் இருந்ததாக, விதி சொல்லும் பெட்டியான பிசிஆர்எஃப் எழுதி வைத்திருக்கிறது? அதே நிமிஷத்துக்கு, காசைக் கணக்குப் பார்க்கும் பெட்டியான ஓசிஎஸ் எந்த நாடு என்று எழுதி வைத்திருக்கிறது? இரண்டும் ஒத்துப்போனால் அது பெரும்பாலும் கஸ்டமர் கேர் மட்டத்திலேயே விளக்கிச் சொல்லி முடிக்கக்கூடிய புகார். ஒத்துப்போகவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவதுதான் வழி. வாதாட ஒன்றும் இருக்காது.

பாக்கெட் கோர் (டேட்டாவைக் கொண்டுபோகும் மைய நெட்வொர்க்) தெரியும், அதன் பெட்டிகள் பேசிக்கொள்ளும் டயமீட்டர் மெசேஜைப் பிரித்துப் படிக்கத் தெரியும், ஆனால் ரோமிங் பாலிசி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு இந்திய ஆபரேட்டரின் எல்டிஇ (4ஜி) கோரை எடுத்துக்கொள்கிறேன். கஸ்டமர் மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போயிருக்கிறார்.

ஆட்கள் யார் யார் என்று வேகமாக ஒரு முறை. விதி சொல்வது பிசிஆர்எஃப். அதை நிறைவேற்றுவது, டேட்டா இணையத்துக்கு வெளியேறும் வாசலான பி-கேட்வேக்குள் இருக்கும் பிசிஇஎஃப். காசு இருக்கிறதா என்று பார்ப்பது ஓசிஎஸ். பிசிஆர்எஃப்பும் பி-கேட்வேயும் ஜிஎக்ஸ் வழியாகப் பேசும். பி-கேட்வேயும் ஓசிஎஸ்ஸும் ஜிஒய் வழியாகப் பேசும். 3ஜிபிபி என்ற மொபைல் தர அமைப்பின் ஆவணங்களில் கட்டமைப்புக்கு 23.203, ஜிஎக்ஸுக்கு 29.212, ஜிஒய்க்கு 32.299. மூன்றையும் முழுதாகப் படிக்கத் தேவையில்லை. 29.212-இல் ஈவென்ட் டிரிகர் (எந்த மாற்றம் நடந்தால் பி-கேட்வே தகவல் சொல்ல வேண்டும் என்பது) பகுதியை மட்டும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேட்டா எந்த வழியாகப் போகிறது என்று உறுதி செய்யுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் போனின் டேட்டா இரண்டு வழியில் போகலாம். போனின் டேட்டாவை அங்கே கையாளும் எஸ்-கேட்வேயிலிருந்து எஸ்8 என்ற இணைப்பு வழியாக நம் ஊர் பி-கேட்வேக்கு வந்து இணையத்துக்குப் போவது ஒன்று. இதை ஹோம் ரூட்டட் என்பார்கள். அந்த ஊர் பி-கேட்வேயிலேயே வெளியேறிவிடுவது இன்னொன்று. அது லோக்கல் பிரேக்அவுட். ஆபரேட்டர்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏவின் ஐஆர்.88 வழிகாட்டி ஹோம் ரூட்டட்டை அடிப்படையாகக் கொள்கிறது. உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

ஏன் என்றால், கட்டுப்பாடு முழுக்க நம் கையில் இருக்கும். பி-கேட்வே நம்முடையது, பிசிஆர்எஃப் நம்முடையது, ஓசிஎஸ் நம்முடையது. ஜிஎக்ஸும் ஜிஒய்யும் நாட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். லோக்கல் பிரேக்அவுட்டில் அந்த ஊர் பிசிஆர்எஃப் நம் பிசிஆர்எஃப்போடு எஸ்9 வழியாகப் பேச வேண்டும், கோட்டா (இத்தனை எம்பி வரை போகலாம் என்ற அனுமதி) கேள்விகள் ஆபரேட்டர்களை இணைக்கும் ஐபிஎக்ஸ் நெட்வொர்க்கைத் தாண்டி நம் ஓசிஎஸ்ஸுக்கு வர வேண்டும். எஸ்9-க்கு 29.215 என்று ஒரு தனி ஆவணமே இருக்கிறது. அதை உண்மையில் வணிகச் சேவையில் ஓட்டும் ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூலை 1 முதல் கஸ்டமர் விரும்பினால் போன ஊர் ஆபரேட்டரிடமே டேட்டா வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டமே போட்டது. அதைச் சீண்டியவர்கள் குறைவு. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணமே கிடையாது என்றானதும் அந்த ஏற்பாட்டுக்கான தேவையும் போய்விட்டது.

ஹோம் ரூட்டட்டுக்கு விலை உண்டு. லண்டனில் இருக்கும் கஸ்டமர் லண்டன் சர்வர் ஒன்றைத் திறந்தால் அவர் கேள்வி சென்னைக்கு வந்து லண்டனுக்குத் திரும்பும். பதிலும் அதே போல் சென்னை வழியாகத்தான் போகும். நேர்கோட்டிலேயே ஒரு பக்கம் சுமார் 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும் என்று வைத்தால், நாலு நடைக்கு 160 மில்லிசெகண்டுக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். "அங்கே 5ஜி காட்டுகிறது, ஆனால் இழுக்கிறது" என்ற புகார்களில் கணிசமான பங்கு இதுதான். பாலிசி டேபிளைக் குடைந்து பயனில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. சந்தாதாரர் விவரம் இருக்கும் எச்எஸ்எஸ்ஸில் ஒவ்வொரு ஏபிஎன்னுக்கும் (டேட்டா இணைப்பின் பெயர்) விபிஎல்எம்என் (போன ஊர் நெட்வொர்க்) முகவரி அனுமதி என்று ஒரு கொடி உண்டு. எச்எஸ்எஸ்ஸும், போனின் பதிவைக் கையாளும் எம்எம்இயும் பேசும் எஸ்6ஏவில் 1432-ஆம் ஏவிபி (டயமீட்டர் மெசேஜின் ஒரு புலம்). அது 0 என்று இருக்கிறதா பாருங்கள். 1 என்று இருந்தால் அந்த ஊர் எம்எம்இ தன் சொந்த பி-கேட்வேயைத் தேர்ந்தெடுக்க அனுமதி கொடுத்தாகிவிட்டது. அங்கே வெளியேறும் டேட்டா உங்கள் ஜிஒய் பக்கமே வராது. பழைய டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுத்த கார்ப்பரேட் ஏபிஎன்களில் இந்தக் கொடி தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மண்டல டேபிள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

போன் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்பது பி-கேட்வேயிலிருந்து 18-ஆம் 3ஜிபிபி ஏவிபியாக வரும். நாட்டு எண்ணான எம்சிசியும் நெட்வொர்க் எண்ணான எம்என்சியும் சேர்ந்த இலக்கச் சரம், அதாவது பிஎல்எம்என். பேரில் எஸ்ஜிஎஸ்என் (பழைய 3ஜிப் பெட்டி) என்று இருப்பதைப் பார்த்து அது 3ஜிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், எல்டிஇயிலும் அதேதான். ஜிஎக்ஸிலும் வரும், ஜிஒய்யிலும் வரும். இந்தச் சரத்தை "மண்டலம் 1, மண்டலம் 2" என்று மாற்றுவதுதான் ரோமிங் பாலிசியின் உயிர்.

புதிதாக வருகிறவர்கள் எழுதும் முதல் நிபந்தனை: வந்த பிஎல்எம்என் நம் பிஎல்எம்என்னுக்குச் சமமில்லை என்றால் ரோமிங். இந்தியாவில் இது முதல் நாளே மாட்டிக்கொள்ளும். நமக்கு 404, 405 என்று இரண்டு எம்சிசி. ஒரே ஆபரேட்டருக்குத் தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் எம்என்சி வேறு. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவருக்கு ஜோலார்பேட்டை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் செஷன் அறுபடாமலேயே பிஎல்எம்என் மாறலாம். மேலே சொன்ன நிபந்தனையை வைத்தால் ஒரு ரயில் முழுக்க வெளிநாடு போய்விடும். ஆகவே "வீடு" என்பது ஒரு பட்டியல்: நம் வட்டங்கள் எல்லாம், உள்நாட்டு ரோமிங் ஒப்பந்தம் இருக்கும் கூட்டாளிகள் எல்லாம். சர்வதேசமா என்ற கேள்விக்கு எம்சிசி 404-ஆ 405-ஆ என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது இலக்க நீளம். 405-இல் இரண்டு இலக்க எம்என்சியும் உண்டு, மூன்று இலக்க எம்என்சியும் உண்டு. சரம் ஐந்து எழுத்தாகவும் வரும், ஆறு எழுத்தாகவும் வரும். முதல் ஐந்தை மட்டும் வெட்டி ஒப்பிடும் விதி எழுதாதீர்கள். முழுச் சரத்தையும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் மட்டும் எம்சிசி அளவில் ஒப்பிடுங்கள்.

ஒரே நாட்டுக்குப் பல எம்சிசி இருப்பதும் மறந்துபோகும். அமெரிக்காவுக்கு 310-இலிருந்து 316 வரை. பிரிட்டனுக்கு 234, 235. ஜப்பானுக்கு 440, 441. டேபிளில் 310 மட்டும் போட்டு நாலு மாதம் ஒன்றும் நடக்காது, பிறகு 311-இல் ஒருவர் போய் நிற்பார்.

901 என்ற எம்சிசியை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதது. விமானத்துக்குள் இருக்கும் ஏரோமொபைல் 901-14, சீட்டா ஆன்ஏர் 901-15. கப்பல்களுக்கும் இதே 901-இல்தான் எண்கள். செயற்கைக்கோள் வழியாகப் போகும் டேட்டா என்பதால் மொத்த விலையே பல மடங்கு. இதை "உலகின் மற்ற பகுதிகள்" என்ற மண்டலத்தில் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். துபாய் பேக் போட்டுக்கொண்டு ஏரோபிளேன் மோடு போட மறந்து தூங்கியவர் இறங்கும்போது அழாமல் இருக்க வேண்டும் என்றால், 901-க்குத் தனி மண்டலம், தனி பேக், பேக் இல்லையென்றால் டேட்டா கிடையாது.

எம்சிசி அளவிலும் டேபிளில் பொருந்தாத பிஎல்எம்என் வந்தால்? யோசித்துப் பாருங்கள்: ஒப்பந்தமே இல்லாத நெட்வொர்க்கில் போன் பதிவாகவே பதிவாகாது. ஆகவே தெரியாத எண் வந்தால் அதற்கு ஒரே பொருள், ரோமிங் டீம் புதுக் கூட்டாளியைத் திறந்துவிட்டது, உங்களுக்குச் சொல்லவில்லை. இந்த இடத்தில் டேட்டாவை அடைத்து, அலாரம் அடிக்கச் செய்யுங்கள். "கஸ்டமருக்குச் சிரமமாக இருக்குமே" என்று வணிகப் பக்கம் சொல்வார்கள். விலை தெரியாத டேட்டாவைக் கொடுத்துவிட்டு அப்புறம் பில் போடுவதைவிட ஒரு மணி நேரம் டேட்டா இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கட்சி.

இப்போது முக்கியமான சங்கதி. பெரும்பாலான இடங்களில் இந்த டேபிள் இரண்டு இடத்தில் வாழ்கிறது: பிசிஆர்எஃப்பில் ஒன்று, ஓசிஎஸ்ஸில் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பாலிசி டீம் புதுக் கூட்டாளியை மண்டலம் 1-இல் சேர்த்தது. சார்ஜிங் டீமின் மாற்ற விண்ணப்பம் அடுத்த வாரத்து வரிசையில் நின்றது. இடைப்பட்ட நாட்களில் பிசிஆர்எஃப் முழு வேகத்தில் திறந்துவிட, ஓசிஎஸ் பேக்கைத் தொடாமல் சாதாரண விலையில் எம்பி எம்பியாகக் கழித்தது. இரண்டு பெட்டியும் தன் தன் கணக்கில் சரியாகத்தான் வேலை செய்தன.

என் வழி இது: மண்டலத்தைத் தீர்மானிப்பது ஓசிஎஸ் மட்டும். பிசிஆர்எஃப்புக்குத் தெரிய வேண்டியது மூன்றே நிலை: உள்நாடு, வெளிநாடு, 901. விலை சம்பந்தப்பட்ட பிரிவு எதுவும் பிசிஆர்எஃப்பில் வேண்டாம். பேக் இருக்கிறதா, தீர்ந்ததா, வேகம் குறைக்க வேண்டுமா என்பதை பிசிஆர்எஃப்புக்கும் ஓசிஎஸ்ஸுக்கும் நடுவில் உள்ள எஸ்ஒய் வழியாக ஓசிஎஸ்ஸே பாலிசி கவுன்டர் நிலையாகச் சொல்லட்டும். எஸ்ஒய் இல்லாத பழைய அமைப்பு என்றால் இரண்டு டேபிளையும் ஒரே கோப்பிலிருந்து தினமும் ஏற்றுங்கள், கையால் யாரும் திருத்தாமல் பூட்டுங்கள். அந்தக் கோப்பு ரோமிங் டீமிடம் இருக்கும் ஐஆர்.21 (கூட்டாளிகளின் நெட்வொர்க் விவரம்) தகவலிலிருந்து வர வேண்டும்.

ஜிஎக்ஸ் பதிலில் வைக்க வேண்டியவை

போன் அங்கே பதிவானதும் பி-கேட்வேயிலிருந்து சிசிஆர்-ஐ, அதாவது செஷன் தொடக்கக் கேள்வி, வரும். ஐஎம்எஸ்ஐ (சந்தாதாரரின் அடையாள எண்), ஏபிஎன், ரேடியோ வகை, 18-ஆம் ஏவிபி, இருப்பிடம், நேர மண்டலம் எல்லாம் அதில் இருக்கும். பதிலில் மூன்று கூட்டம் போகும்: ரூல் பேஸ் (விதிகளின் தொகுப்பு), க்யூஓஎஸ் (தரமும் முன்னுரிமையும்), ஈவென்ட் டிரிகர்.

ரூல் பேஸ் ரோமிங்குக்குத் தனியாக இருக்கட்டும். உள்நாட்டு ரூல் பேஸில் பத்துப் பதினைந்து ரேட்டிங் குரூப் (தனியாக விலை போடும் பிரிவு) இருக்கும்: வீடியோ, பாட்டு, சொந்த ஆப் என்று. ரோமிங்கில் இரண்டு போதும். பொது டேட்டாவுக்கு ஒன்று, ரீசார்ஜ் ஆப்புக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் ஒன்று.

க்யூஓஎஸ்ஸில் இரண்டு பொறி. முதலாவது க்யூசிஐ, அதாவது டேட்டாவின் தர வகுப்பு எண். உள்நாட்டில் பிரீமியம் கஸ்டமருக்கு 128 அல்லது அதற்கு மேற்பட்ட சொந்த க்யூசிஐ வைத்திருந்தால் அதை எஸ்8 தாண்டி அனுப்ப வேண்டாம். அந்த ஊர் நெட்வொர்க்குக்கு அதன் பொருள் தெரியாது, செஷனே விழலாம். 8 அல்லது 9 கொடுங்கள். இரண்டாவது ஏஆர்பி, அதாவது நெரிசலில் யாருக்கு முதலிடம் என்பது. 23.203 தெளிவாகச் சொல்கிறது: 1 முதல் 8 வரை முன்னுரிமை ஒரு ஆபரேட்டரின் சொந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது, ரோமிங்கில் செல்லுபடியாவது 9 முதல் 15 வரை. நம் விஐபி கஸ்டமருக்கு அங்கே 2-ஆம் முன்னுரிமை கேட்டு அனுப்பினால், அந்த ஊர் எம்எம்இ பேசாமல் குறைத்துவிடும், இல்லை என்றால் மறுத்துவிடும். மறுக்கிறவர்களிடம் மாட்டும்போது அலறல் வரும், அதுவும் விஐபியிடமிருந்து.

ஈவென்ட் டிரிகர் என்பது பிசிஆர்எஃப் கேட்டால்தான் வரும். கேட்காவிட்டால் பி-கேட்வே வாய் திறக்காது. பிஎல்எம்என் மாற்றம், மதிப்பு 4: எல்லாச் செஷனுக்கும், உள்நாட்டுச் செஷன் உட்பட. ரேடியோ வகை மாற்றம், மதிப்பு 2: 3ஜிக்கு இறங்கும்போது வேகம் மாற்ற வேண்டுமானால் மட்டும். இருப்பிட மாற்றம், மதிப்பு 13: கேட்காதீர்கள். செல்லுக்குச் செல் சிசிஆர்-யு, அதாவது செஷன் நடுவில் வரும் புதுப்பிப்புக் கேள்வி, வந்து குவியும். ரோமிங் பாலிசிக்கு அதனால் காலணா பயன் இல்லை.

நேர மண்டலம் பற்றி ஒன்று, ஏனென்றால் டிரேஸ் படிக்கும் எல்லோரும் ஒரு முறை இதில் குழம்புகிறார்கள். அந்த ஏவிபி கால் மணி நேரக் கணக்கில், இலக்கங்கள் இடம் மாறி வரும். இந்தியா ஐந்தரை மணி, அதாவது 22 கால் மணி. இடம் மாற்றினாலும் 22. சிங்கப்பூரும் மலேசியாவும் எட்டு மணி, 32 கால் மணி. இடம் மாறி 23 என்று வயர்ஷார்க்கின் ஹெக்ஸ் பகுதியில் தெரியும். 22-க்கும் 23-க்கும் வித்தியாசம் ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது, நடுவே இரண்டரை மணி நேரம் இருக்கிறது. ஒரு நாள் பேக் நள்ளிரவில் முடியும் என்று விற்றிருந்தால் எந்த ஊர் நள்ளிரவு என்பதை வணிகப் பக்கத்திடம் எழுத்தில் வாங்குங்கள். முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம் என்று வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ஜிஒய் பக்கம்

ஓசிஎஸ் கோட்டா கொடுக்கும்போது எந்த மாற்றம் நடந்தால் திரும்பிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். டிரிகர் டைப் ஏவிபி, 870. சர்விங் நோட் முகவரி மாற்றம் 1, எம்சிசி மாற்றம் 30, எம்என்சி மாற்றம் 31. இவை இருந்தால் மாற்றத்துக்கு முன் ஓடிய எம்பிகளைப் பழைய நாட்டின் கணக்கில் அறிவித்துவிட்டுப் புதுக் கோட்டா கேட்கும். அறிவிப்பின் காரணம் 6, ரேட்டிங் நிபந்தனை மாற்றம். இவை இல்லாவிட்டால் பழைய நாட்டுக் கோட்டா தீரும் வரை பி-கேட்வே வாயைத் திறக்காது.

கோட்டா அளவு. 50 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 எம்பி ஒன்றரை வினாடியில் தீர்ந்துவிடும். மீதி 20 சதவீதம் இருக்கும்போதே அடுத்ததைக் கேட்கச் சொன்னால் கையில் இருப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு வினாடி என்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஹோம் ரூட்டட்டில் பி-கேட்வேயும் ஓசிஎஸ்ஸும் ஒரே ஊரில் இருப்பதால் பதில் சில மில்லிசெகண்டில் வந்துவிடும். அதனால் ரோமிங் என்பதற்காகக் கோட்டாவைப் பெரிதாக்க வேண்டியதில்லை. சின்னதாக வையுங்கள். பேக் தீரத் தீர இன்னும் சின்னதாக்குங்கள். அதற்குக் காரணம் அடுத்து வரும் பாலம்.

ஜொகூர் பாலத்தில் ஒரு செஷன்

ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் அளவே நீளமான தரைப்பாலம். தமிழ்க் கஸ்டமர்கள் அதிகம் தாண்டும் எல்லைகளில் இதுவும் ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் தாண்டுகிறார்கள். மலேசியாவின் எம்சிசி 502, சிங்கப்பூருக்கு 525. இரண்டு நாட்டுக்கும் பொதுவான பேக் போட்ட நம் கஸ்டமர் பேருந்தில் இருக்கிறார். பேக்கில் 40 எம்பி மீதி.

502 நெட்வொர்க்கில் செஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓசிஎஸ் 50 எம்பி கோட்டா கொடுக்கும் பழக்கம் உள்ளது. மீதி 40 என்பதால் மொத்தத்தையும் இந்தச் செஷனுக்குப் பிடித்து வைத்துவிட்டது. நீரிணையின் நடுவில் மலேசிய சிக்னல் போகிறது. போன் தேடி, 525 நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவாகிறது. நாடு தாண்டும் ஹேண்டோவர் நடப்பது அபூர்வம். இது புதுச் செஷன். பிஎல்எம்என் மாற்ற டிரிகர் இங்கே உதவாது, நேராக சிசிஆர்-ஐ வருகிறது. அதுவும் நம்மிடம் உள்ள பல பி-கேட்வேக்களில் வேறொன்றில் போய் உட்காரலாம். எச்எஸ்எஸ் பழைய எம்எம்இக்கு கேன்சல் லொகேஷன் அனுப்பி, அது செஷனை அழித்து, பழைய பி-கேட்வே சிசிஆர்-டி (செஷன் முடிவுச் செய்தி) அனுப்பும் வரை அந்த 40 எம்பி விடுபடாது. புதுச் செஷனின் கோட்டா கேள்வி அதற்கு முன்பே வந்து நிற்கிறது. ஓசிஎஸ் பார்க்கிறது: மீதி பூஜ்யம். 4012, கிரெடிட் வரம்பு முடிந்தது.

கஸ்டமர் ஆப்பைத் திறந்து பார்த்தால் 40 எம்பி இருக்கிறது என்று காட்டும். டேட்டா இல்லை. இந்தப் புகாரை "அந்த ஊர் நெட்வொர்க் பிரச்சினை" என்று மூடியிருப்பார்கள். இல்லை. தீர்வு ஓசிஎஸ்ஸில்: அதே ஐஎம்எஸ்ஐ, அதே ஏபிஎன்னில் புதுச் செஷன் வந்தால் பழையதற்கு ஆர்ஏஆர் (மறுபடி கணக்குச் சொல்லச் சொல்லும் செய்தி) அனுப்பிக் கணக்கை உடனே வாங்கி, பிடித்து வைத்ததை விடுவிக்க வேண்டும். அதைச் செய்ய முடியாத ஓசிஎஸ் என்றால் கோட்டாவை மீதியின் கால் பங்குக்கு மேல் போகாமல் வையுங்கள். வேலிடிட்டி டைமும் கொடுங்கள், அரை மணி நேரம் போதும். அனாதையாகக் கிடக்கும் செஷன் அதற்கு மேல் எதையும் பிடித்து வைத்திருக்காது.

இதன் இன்னொரு முகம்: ஹெல்ப்டெஸ்க் "போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்று சொல்வது. வெளிநாட்டில் இருந்தபடி பேக் வாங்கியவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பேக் வாங்கிய செய்தி எஸ்ஒய் வழியாக பிசிஆர்எஃப்புக்குப் போகவில்லை, அல்லது போயும் பிசிஆர்எஃப் பி-கேட்வேக்கு ஆர்ஏஆர் அனுப்பவில்லை. ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளில் அந்த வாசகத்தைத் தேடுங்கள். எத்தனை கிடைக்கிறதோ அத்தனை தடவை இந்தச் சங்கிலி அறுந்திருக்கிறது.

இலவசத்துக்கும் பில் உண்டு

உள்நாட்டில் சொந்த ஆப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதில் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. ரோமிங்கில் அந்த எம்பிக்கும் கூட்டாளி நெட்வொர்க் நம்மிடம் பணம் கேட்கும். அவர்கள் அனுப்பும் டாப் கோப்பில் (ரோமிங் பயன்பாட்டுக் கணக்கு) "இது இலவச ஆப்" என்று எதுவும் எழுத மாட்டார்கள். மொத்த எம்பி, மொத்தக் கட்டணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மொத்த விலைக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2022 ஜூலையில் ஜிபிக்கு 2 யூரோ, 2027-இல் 1 யூரோ வரை படிப்படியாக இறங்குகிறது. அதற்கு வெளியே பேரம் பேசியதுதான் விலை. ஆகவே ரீசார்ஜ் ஆப்புக்கான ரேட்டிங் குரூப்பை விலையில்லாமல் வையுங்கள், ஆனால் அளவில்லாமல் வைக்க வேண்டாம். சில எம்பி போதும்.

பேக் தீர்ந்ததும் ரீசார்ஜ் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட், ஃபைனல் யூனிட் ஆக்‌ஷன் 1, காகிதத்தில் நன்றாக இருக்கும். இன்று பக்கங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ் என்பதால் பிரவுசர் திரும்பாது, சான்றிதழ் எச்சரிக்கையோ வெற்றுப் பக்கமோதான் வரும். நானோ ரெஸ்ட்ரிக்ட், அதாவது 2, வைத்து ஆப்பையும் டிஎன்எஸ்ஸையும் மட்டும் திறந்துவிட்டு, எஸ்எம்எஸ்ஸில் சேதி சொல்வேன். எஸ்எம்எஸ் எப்போது போக வேண்டும் என்று கேட்டால் ஐரோப்பியர்கள் 2010 ஜூலையிலேயே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள்: வரி நீங்கலாக 50 யூரோ வரம்பு தானாகவே பொருந்தும், 80 சதவீதத்தில் எச்சரிக்கை, எட்டியதும் கஸ்டமர் சம்மதம் சொல்லாமல் மேலே போகாது. போஸ்ட்பெய்டுக்கும் இதைச் செய்யுங்கள். ஹோம் ரூட்டட்டில் எம்பிகளை நாமே நேரடியாக எண்ணுகிறோம். டாப் கோப்பு வரட்டும் என்று காத்திருந்து மாதக் கடைசியில் அதிர்ச்சி கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

பெட்டி விழுந்தால்

ஓசிஎஸ் பதில் சொல்லாத நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை 427-ஆம் ஏவிபி சொல்லும். உள்நாட்டுக்கு 1, தொடரட்டும். ரோமிங்குக்கு 2, இன்னொரு ஓசிஎஸ்ஸை முயன்று பார்த்து முடியாவிட்டால் துண்டி. இந்த வேறுபாட்டை ஓசிஎஸ் கொடுக்கும் பதிலில் மட்டும் நம்பி வைக்க முடியாது, ஏனென்றால் விழுந்த பெட்டி பதில் தராது. பி-கேட்வேயின் உள்ளமைவிலேயே இருக்க வேண்டும். பிசிஆர்எஃப் விழும்போது பி-கேட்வே போடும் உள்ளூர் ரூல் பேஸையும் பாருங்கள். பெரும்பாலும் அது உள்நாட்டு ரூல் பேஸாக இருக்கும், பிஎல்எம்என் பார்க்காமல் எல்லோருக்கும் திறந்துவிடும்.

வோல்ட்டி (4ஜி வழியாகவே போகும் அழைப்பு) பற்றிக் கொஞ்சம். எஸ்8 ஹோம் ரூட்டட் முறையில், அழைப்பைக் கையாளும் ஐஎம்எஸ்ஸின் ஏபிஎன்னும் நம் பி-கேட்வேக்கே வரும். அதன் க்யூசிஐ 5, அழைப்பின் க்யூசிஐ 1 இரண்டையும் டேட்டா பேக் விதிகள் தொடக் கூடாது. அழைப்புக்கு விலை போடுவது ஐஎம்எஸ் பக்கம். டேட்டா அடைப்பு விதி எழுதும்போது ஏபிஎன் நிபந்தனை சேர்க்க மறந்தால் பேக் இல்லாதவரின் அழைப்பும் போய்விடும்.

5ஜி என்எஸ்ஏ (4ஜி கோரின் மேல் ஓடும் 5ஜி) ரோமிங் இதே கோரில்தான் ஓடுகிறது. மேலே சொன்ன எதுவும் மாறாது. தனி 5ஜி கோரான எஸ்ஏ வந்தால் பிசிஆர்எஃப் பிசிஎஃப் என்றும் ஓசிஎஸ் சிஎச்எஃப் என்றும் பெயர் மாறும், எல்லையில் செப் என்ற காவல் பெட்டி நிற்கும், ஹோம் ரூட்டட்டில் செஷனைக் கையாளும் நம் எஸ்எம்எஃப் நம் பிசிஎஃப்போடு பேசும். லோக்கல் பிரேக்அவுட்டில் மட்டும் ஒரு வித்தியாசம்: அந்த ஊர் பிசிஎஃப் ஒப்பந்தப்படி தன் சொந்த விதிகளையே செஷனுக்குப் போடும், நம் பிசிஎஃப்பிடம் கேட்காது. கொடி 0 என்று பார்க்கச் சொன்னது அங்கே இன்னும் முக்கியம்.

சோதனை

கூட்டாளி நெட்வொர்க்கில் டெஸ்ட் சிம் வைத்து ரோமிங் டீம் நடத்தும் சோதனை டேட்டா போகிறதா என்று பார்க்கும். உங்களுக்குத் தேவையான சோதனைகளை அதில் யாரும் செய்ய மாட்டார்கள். சிமுலேட்டரில் நீங்களே ஓட்டுங்கள்: டேபிளில் இல்லாத எம்சிசி, 901-14, ஆறு இலக்க 405, சிசிஆர்-டி வராமலே இரண்டாவது சிசிஆர்-ஐ, ஓடும் செஷனில் 404-இலிருந்து இன்னொரு 404-க்கு மாற்றம், பேக் வாங்கியதும் வர வேண்டிய ஆர்ஏஆர், ஓசிஎஸ்ஸைப் பாதியில் நிறுத்துவது. ஒவ்வொன்றிலும் பிசிஆர்எஃப் லாகையும் ஓசிஎஸ் லாகையும் ஒரே திரையில் வைத்து, இரண்டும் ஒரே நாட்டைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

சேவைக்கு வந்த பிறகு மாதம் ஒரு முறை டாப் எம்பியையும் நம் பி-கேட்வே எம்பியையும் கூட்டாளி வாரியாக ஒப்பிடுங்கள். இரண்டும் அச்சாகப் பொருந்தாது. போன் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கும்போது நம் பி-கேட்வே எண்ணி அனுப்பிய பாக்கெட்டை அந்த ஊர் எஸ்-கேட்வே வைத்துப் பார்த்துவிட்டு வீசியிருக்கும். நம் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். 3ஜிபிபி ரிலீஸ் 12-இல் பி-கேட்வே எண்ணிக்கையை நிறுத்தி வைக்கும் வசதி வந்தது. இரு பக்கமும் ஆதரித்தால்தான் பயன். டாப் எண்ணிக்கை தொடர்ந்து கூடுதலாக இருந்தால் கதை வேறு. அப்போது அந்தக் கூட்டாளியிடம் சண்டைக்குப் போவதற்கு முன், நம் கார்ப்பரேட் ஏபிஎன் ஏதாவது அங்கேயே வெளியேறிக்கொண்டிருக்கிறதா என்று எச்எஸ்எஸ்ஸில் பாருங்கள்.